சுவர் இல்லாத காலனி

சனிக்கிழமை காலை. ரோஸ்மெரி ரொட்டியை ஊதாச் சோளக் கஞ்சியில் முக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். ரொட்டி ஊறி, உடைந்து, கிண்ணத்துக்குள் விழுந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமே தோணல அண்ணி" என்றாள்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த ரகளையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எல்லை தாண்டி சாவ் பாவ்லோவில் தையல் பட்டறை வைத்திருக்கும் சின்ன மாமியார் ஜஸ்டினா படியில் வழுக்கி வலது கையை முறித்துக்கொண்டார். பட்டறையைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து ஓர் ஆள் போயே ஆக வேண்டும். "ரோஸ்மெரி போகட்டும், எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கா" என்று முடிவு கட்டினார் என் மாமியார் செவெரினா. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் தையல் தெரிந்தவள் நான்தான். ஆனால் நான் இல்லாவிட்டால் வீடு ஓடாதாம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ரோஸ்மெரி மூடவில்லை. இந்தச் சனிக்கிழமை 'காலனி' விளையாட்டின் இறுதிப் போட்டி. கம்ப்யூட்டரில் ஒரு குடியிருப்பைக் கட்டி, கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிற விளையாட்டு. ஜெயித்தால் கொச்சபாம்பா நகரத்தில் அந்த விளையாட்டைச் செய்யும் கம்பெனியிலேயே வேலை. அரண் வடிவமைக்கிற வேலை.

அத்தை மேசையைத் தட்டினார். "ஜெயிச்சா அந்த வேலைக்கே போ, நான் வாயே திறக்கல. தோத்தா ஞாயித்துக்கிழமை பஸ் ஏறு."

இறுதியில் எதிர்த்து ஆடப்போகிறவன் ஈவெர் என்று அதற்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. மூன்று வருடம் ரோஸ்மெரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காலனி கட்டியவன். காதலும் சண்டையும் ஒரே நேரத்தில் நடந்த மூன்று வருடம். அவள் எங்கே கதவு வைப்பாள், எங்கே துப்பாக்கி வைப்பாள் என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"வழக்கமா வைப்பியே, கசாப்புச் சந்து, அதையே வை" என்றான் என் கணவன் லிம்பெர். மினிபஸ் ஓட்டுகிறவன். இந்தப் போட்டியில் தங்கைக்குத் துணை ஆட்டக்காரன் அவன்தான்.

கசாப்புச் சந்து என்றால் வேறொன்றும் இல்லை. காலனியைச் சுற்றிப் பெரிய சுவர். ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் இருந்து வளைந்து வளைந்து ஒரு சந்து. கொள்ளைக்காரன் திறந்திருக்கிறதே என்று உள்ளே வருவான். சந்தின் கடைசியில் துப்பாக்கிகள் காத்திருக்கும்.

"ஈவெர் தோண்டிகளை அனுப்புவான் அண்ணே. சுவரைத் தோண்டிக்கிட்டு நேரா சமையக்கட்டுல வந்து எந்திரிப்பானுங்க. சந்துல ஈ ஓட்டிட்டு நிக்க வேண்டியதுதான்."

"ரெண்டு சுவர் வை."

"ரெண்டையும் தோண்டுவான்."

"மூணு வை."

"அண்ணி, இவனைக் கூட்டிட்டுப் போகணுமா?"

மெஷினை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்பது போட்டியின் விதி. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கம்பளியை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியை ஏற்றினோம். திருவிழாச் செவ்வாயன்று அத்தை அதற்குப் பீர் தெளித்துப் பூசை போட்டபோது ஒட்டிய வண்ணக் காகிதச் சுருள் இன்னும் பின்பக்கத்தில் தொங்கியது. திரையை லிம்பெர் தூக்கிக்கொண்டான்.

மினிபஸ்ஸில் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அன்று எங்கள் பகுதியில் சாலை மறியல். குடிநீர்க் குழாய் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன நகராட்சி இரண்டு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. மறியலுக்குத் தலைமை யார் என்றும் கேட்டுவிடாதீர்கள். விடியும் முன்பே தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார்.

அவென்யூ திரும்பியதும் தெரிந்தது. ரோடு முழுக்கக் கல், நடுவில் எரிகிற டயர், குறுக்கே ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி பாவாடையை விரித்து உட்கார்ந்திருந்தார் என் மாமியார்.

"எங்க தள்ளிட்டு வரீங்க?"

"அம்மா, போட்டிக்கு!" என்றாள் ரோஸ்மெரி.

"ஆள் போலாம். வண்டி போகக் கூடாது."

"இது வண்டியா? ஒத்தைச் சக்கரம்!"

"சக்கரம் உருண்டா வண்டிதான். இப்பத்தான் உருளைக்கிழங்கு ஏத்தின தள்ளுவண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினேன். அவன் அந்த ஓரத்துல நின்னு என்னையே பாத்துட்டிருக்கான். உனக்குக் கயித்தைத் தூக்கினா நாளைக்கு எவ என் பேச்சைக் கேப்பா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் கோக்கா இலையை மெல்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். உருளைக்கிழங்குக்காரனும் பார்த்தான்.

"நீ நான் தோக்கணும்னுதானே பாக்கற?" ரோஸ்மெரியின் குரல் உடைந்தது.

அத்தையின் முகம் ஒரு நொடி ஆடிப்போனது. ஆனால் கயிறு ஆடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். தோளில் இருந்த கோடு போட்ட முதுகுத்துணியை உதறி விரித்தேன். கம்ப்யூட்டர் பெட்டியை அதில் வைத்து, பிள்ளையைக் கட்டுவது போல முதுகில் ஏற்றி, நெஞ்சுக்கு மேலே முடிச்சுப் போட்டேன். கனம் எலும்பை அழுத்தியது.

"இப்ப சக்கரம் எங்க அத்தை?"

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முதுகுல சுமந்தா அது ஆள்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "குனிஞ்சு போடி, கயித்துல இடிச்சுக்காத" என்றார்.

தள்ளுவண்டியை ஓரத்தில் விட்டுவிட்டுக் குனிந்து போனோம். உருளைக்கிழங்குக்காரன் அவசரமாக மூட்டையை முதுகில் ஏற்ற ஆரம்பித்தான்.

கயிற்றைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி நின்றது. அதன் டிரைவர் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு வரிசைக் கல், பின்னால் ஒரு வரிசைக் கல். பக்கவாட்டில் பார்த்த இடமெல்லாம் கல்.

"எப்பிடிண்ணே நடுவுல வந்து மாட்டினீங்க?" என்று லிம்பெர் தொழில் பாசத்தோடு கேட்டான்.

"அங்க முதல்ல சுவரு மாதிரி அடைச்சிருந்தா திரும்பிப் போயிருப்பேன் தம்பி. அடைக்கலையே! சும்மா அங்கொண்ணு இங்கொண்ணு கல்லு. வளைச்சு வளைச்சு ஓட்டினா போயிடலாம் போலதான் இருந்தது. வந்தேன். வர வர கல்லு ஜாஸ்தியாச்சு. இப்ப முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல."

ரோஸ்மெரி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"என்னடி?" என்றேன். என் முதுகு ஒடிந்துகொண்டிருந்தது.

"சுவர் இருந்தாத்தானே தோண்டுவான்" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"அண்ணி, சுவர் இருந்தாத்தானே அவன் தோண்டுவான்! சுவரே இல்லைன்னா? வெறும் கல்லு! காலனி முழுக்க, சுத்தி, எங்க பாத்தாலும் கல்லு! எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கும், ஒரு பக்கமும் ஓட முடியாது!" அவள் லாரிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். ஆரஞ்சுச் சாறு அவர் முழங்கை வரை வழிந்தது. "ரொம்ப நன்றிண்ணே! நீங்க இங்கயே இருங்க!"

"வேற எங்க போறது?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எல் ஆல்ட்டோவில் முதுகில் இரும்புப் பெட்டியோடு ஓடினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

விளையாட்டு அரங்கத்தில் உட்கார இடமில்லை. பெரிய திரையில் வரைபடம் தெரிந்தது: ஒரு பக்கம் மலை, மூன்று பக்கம் வெட்டவெளி. அணிக்குப் பத்துக் குடியேறிகள். ஒரு மணி நேரம் கட்டலாம். அப்புறம் எதிரணி மூன்று அலைகளாகத் தாக்கும். எந்த அலையில் எந்த ஆட்கள் என்று கட்டத் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தாக்குதல் நடக்கும்போது புதிதாக எதுவும் கட்டக் கூடாது, இருக்கும் ஆட்களை நகர்த்தலாம், கிடக்கும் பொருளைத் தூக்கலாம். முடிவில் யாருக்கு அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

ஈவெர் எதிர் மேசையில் இருந்து கையை ஆட்டினான். "சந்து ரெடியா ரோசி?"

"உனக்குன்னே ஸ்பெஷலா போட்டிருக்கேன், வா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என் நாத்தனார் இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அது இப்போது பேச வேண்டிய விஷயம் இல்லை.

கட்ட ஆரம்பித்தாள். மலையைக் குடைந்து கல் எடுத்தாள். எடுத்த கல்லில் சுவர் எழுப்பவில்லை. வெட்டவெளி முழுக்க அப்படியே போட்டாள். முதலில் அரங்கத்தில் சிரிப்பு. மைக் பிடித்த கம்பெனிக்காரர்கூட, "ரோஸ்மெரி அணி ஏதோ தோட்டம் போடுகிறார்கள் போலிருக்கிறது" என்றார். நடுநடுவே துப்பாக்கிக் கோபுரங்களை வைத்தாள். நடுவில் சமையலறை, ஆஸ்பத்திரி, படுக்கை.

முதலில் எங்கள் முறை, அண்ணனும் தங்கையும் ஈவெரின் காலனியைத் தாக்கினார்கள். அவன் இரட்டைச் சுவர் எழுப்பி அழகாகக் கட்டியிருந்தான். லிம்பெர் உற்சாகத்தில் மினிபஸ் ஓட்டுவது போலவே ஆட்களை ஓட்டி, தன் கொள்ளைக்காரர்களிலேயே பாதிப் பேரைச் சாகடித்தான். முடிவில் ஈவெருக்கு ஐந்து பேர் மிஞ்சினார்கள். நமக்கு ஆறு பேர் வேண்டும்.

இப்போது அவன் முறை.

முதல் அலை. சாதாரணக் கொள்ளைக்காரர்கள். கத்திக்கொண்டு ஓடி வந்தவர்கள் கல்லுக்குள் கால் வைத்ததும் சேற்றில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் துப்பாக்கி வெடித்தது. ஒருவன்கூட வீட்டு வாசலைத் தொடவில்லை.

"ஆகா!" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர், "உக்காரும்மா, தொப்பி மறைக்குது" என்றார். "உங்க வீட்டுப் பொண்ணு ஆடினா நீங்க உக்காருவீங்களா?" என்று கேட்டேன். அவரும் எழுந்துகொண்டார்.

இரண்டாம் அலை. எதிர்பார்த்தபடியே தோண்டிகள். கடப்பாரையோடு வந்து நின்றார்கள். தோண்டச் சுவர் தேடினார்கள். இந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கம் போனார்கள். வேலை இல்லாமல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குள் தடுமாறிய கூட்டத்தைப் பார்த்து அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஈவெர் மட்டும் சிரிக்கவில்லை. நம் பக்கம் ஒரே ஒருவர் சாவு. ஒன்பது பேர் மிச்சம்.

"ரோசி, நீ ராணிடி!" என்று லிம்பெர் கத்தினான்.

அவள் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே. அங்க பாரு."

நானும் பார்த்தேன்.  அத்தனை கல்லுக்கும் நடுவில், வெளியே இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், சுத்தமாக ஒரு பாதை. ஒரு கல்கூட இல்லை. ஒரு வண்டி போகிற அகலம்.

"இதை யாரு விட்டது?" என்றான் லிம்பெர்.

"நான்தான் விட்டிருக்கேன். தெரியாமலே விட்டிருக்கேன்."

எங்கள் ஊரில் எந்த மறியலிலும் ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி விடுவோம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு கல் அடுக்கிய கை அவளுடையது. அந்த வழியை விட்டுவிட்டுத்தான் அந்தக் கைக்கு அடுக்கத் தெரியும்.

எதிர் மேசையில் ஈவெர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அவனும் எல் ஆல்ட்டோக்காரன்தான். அந்த வழியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாம் அலை. மொத்தக் கூட்டத்தையும் இரண்டாகப் பிரித்து, அந்த ஒரே பாதையில் விட்டான்.

முதல் பாதிக் கூட்டம் புயல் மாதிரி உள்ளே வந்தது. ஒரு துப்பாக்கிக் கோபுரம் எரிந்தது. நம்மவர் ஒருவர் விழுந்தார். இன்னொருவர். எட்டு, ஏழு. நான் லிம்பெரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பின்னால் இருந்தவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

"மூடு, பாதையை மூடு!" என்று லிம்பெர் அலறினான்.

"வாசல்ல இல்ல. அந்தக் கோடியில மூடறேன். பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு வெளிய."

அவளுடைய குடியேறிகளில் ஒரு சமையல்காரி இருந்தாள். சண்டை போடத் தெரியாது, சுமை மட்டும் தூக்குவாள். அவளைப் பாதையின் வெளி முனைக்கு ஓடவிட்டாள். சமையல்காரி ஒரு கல்லைத் தூக்கிப் பாதையில் போட்டாள். இன்னொரு கல். இன்னொன்று. பின்னால் வந்த பாதிக் கூட்டம் அந்தக் கல்லில் இடறி, மிச்சமிருந்த துப்பாக்கிகளின் நேர் எதிரே நின்றுவிட்டது. உள்ளே வந்த பாதிக்கு உதவி வரவில்லை. சமையலறை வாசலில், இன்னும் ஒருவரை இழந்து, அவர்களை நம் ஆட்கள் முடித்தார்கள்.

புகை அடங்கியது. நிற்பவர்களை எண்ணினோம். ஐந்து.

ஐந்துக்கு ஐந்து சமம். சமம் என்றால் வேலை யாருக்கும் இல்லை என்று விதியில் இருந்தது.

"சமையல்காரி சாகல!" ரோஸ்மெரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "விழுந்து கிடக்கா, ரத்தம் போகுது, ஆனா சாகல! டாக்டரை அனுப்பறேன்!"

டாக்டர் ஓடினான். பக்கத்தில் முழுக்கக் கல். அதற்குள் இறங்கியிருந்தால் போய்ச் சேரும் முன்பே அவள் செத்திருப்பாள். ஆனால் பாதை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அவள் விழுந்து கிடந்த இடம் வரைக்கும், ஒரு கல்கூட இல்லாத பாதை. ஓடினான். அவளைத் தோளில் போட்டான். திரும்பி ஓடி வந்தான். அவளுடைய உயிர்க்கோடு சிவப்பாகி, குறைந்து, நூல் போல ஆகி...

கட்டிலில் படுக்க வைத்தான். கோடு நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

ஆறு!

அரங்கம் வெடித்தது. பின்னால் இருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்தார், யார் என்றே தெரியாது. லிம்பெர் தங்கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினான். எனக்கு அழுகை வந்தது. ஆமாம், விளையாட்டுக்குத்தான், பொம்மைச் சமையல்காரிக்குத்தான். அழுதேன்.

ஈவெர் வந்தான். லிம்பெர் அவளைக் கீழே இறக்கினான்.

"அந்த வழியை வேணும்னே விட்டியா?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லடா. கைப்பழக்கம்" என்றாள்.

ஈவெர் தலையைச் சொறிந்தான். "பாத்தவுடனே ஆம்புலன்ஸ் வழின்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் அதுல கொள்ளைக்காரனை அனுப்பினேன். எங்கம்மாகிட்ட சொல்லிடாத, செருப்பால அடிப்பாங்க."

"சொல்லுவேன்" என்றாள். அப்புறமும் இருவரும் அங்கிருந்து நகரவில்லை. நான் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் என் போன் அடித்தது.

"என்னாச்சு?" என்றார் அத்தை. பின்னால் ஒரே இரைச்சல்.

"ஜெயிச்சிட்டா அத்தை! ஆறுக்கு அஞ்சு!"

அத்தை போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு, "என் பொண்ணு ஜெயிச்சிட்டாடி!" என்று மறியல் முழுக்கக் கேட்கக் கத்தினார். பட்டாசு வெடித்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தை மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. தோற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மகள் காலையில் கேட்டது அவரை நாள் முழுக்கக் குத்தியிருக்கிறது.

பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"டெல்ஃபினா. நான் சொன்ன சொல் சொன்னதுதான், அவ போக வேணாம். ஆனா ஜஸ்டினா அங்க ஒத்தைக் கையோட உக்காந்திருக்கா. நீ போறியா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை என்னிடம் எதையும் கேட்டதில்லை. செய் என்பார், செய்யாதே என்பார். போறியா என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

எதிரே லிம்பெர் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினான். வா, போட்டோ எடுக்கிறார்கள் என்று கூப்பிட்டான்.

முடியாது அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.